பதினேழு பி-க்குப் பதில்: சென்னையில் ஒரு சர்வீஸ் வக்கீலின் எழுத்துப் பணி

அரசு ஊழியர் ஒருவர்மீது துறை விசாரணை நடக்கிறபோது, அந்த அறைக்குள் அவருடைய வழக்கறிஞர் உரிமையோடு போய் அமர முடியாது. துறையின் தரப்பில் சட்டம் பயின்ற ஒருவர் நிறுத்தப்பட்டிருப்பது போன்ற விதிவிலக்கான நிலைகளில் மட்டுமே நீதிமன்றங்கள் அதற்கு இடம் கொடுத்துள்ளன. மற்றபடி, விசாரணை அலுவலரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் ஊழியர்தான். அவருக்காக அந்த அறைக்குள் வழக்கறிஞர் அனுப்பி வைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: முன்கூட்டியே எழுதிக் கொடுத்த விளக்கம். சென்னை உயர்நீதிமன்ற வட்டாரத்தில் ‘சர்வீஸ் மேட்டர்’ என்று சொல்லப்படும் பணியாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞருக்கு எழுதத் தெரிந்திருப்பது ஏன் தொழிலின் உயிர்நாடியாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த மூடிய அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த அறையில் உருவாகும் கோப்பு பல ஆண்டுகள் கழித்து உயர்நீதிமன்றத்துக்கு வரும். அப்போது நீதிபதி சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பதில்லை. 1995-இல் பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, நீதிமன்றம் பார்ப்பது முடிவு எட்டப்பட்ட முறையையே. ஆதாரம் அறவே இல்லாமல் தண்டித்திருந்தாலோ, ஊழியரின் தரப்பைக் கேட்பது போன்ற இயற்கை நீதி மீறப்பட்டிருந்தாலோ, தண்டனை மனச்சான்றை உலுக்கும் அளவுக்கு மிகையாக இருந்தாலோதான் அது தலையிடும். ஆகவே முதல் மாதத்தில் எழுதப்படாமல் விடுபட்ட ஒரு மறுப்பை ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எத்தனை பெரிய மூத்த வழக்கறிஞர் எழுந்து நின்று வாதாடினாலும் கோப்புக்குள் சேர்ப்பது மிகக் கடினம்.

சட்டத்தின் அடித்தளம் அரசமைப்பின் 309 முதல் 311 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. அரசின் குடிமைப் பணியில் உள்ளவர் குடியரசுத் தலைவரின் அல்லது ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருக்கிறார் என்கிறது 310. குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்தாமல் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று அந்த விருப்பத்துக்குக் கடிவாளம் போடுகிறது 311. தண்டனை எது என்பதைப் பற்றி இரண்டாவது முறை கருத்துக் கேட்கும் வாய்ப்பை 1976-இன் 42-ஆம் திருத்தம் எடுத்துவிட்டது. ஆனால் விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன்மீது ஊழியரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இதனால் சர்வீஸ் வக்கீல் எழுத வேண்டிய ஆவணம் ஒன்று கூடியது: விசாரணை அறிக்கைக்கான மேல்விளக்கம். என் கணிப்பில் ஊழியர்கள் மிக அலட்சியமாக எழுதும் ஆவணம் இதுதான். முதலில் கொடுத்த விளக்கத்தையே தேதி மாற்றித் திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள். விசாரணை அலுவலர் எந்தச் சாட்சியின் எந்த வாக்கியத்தை விட்டுவிட்டு முடிவுக்கு வந்தார் என்பதைச் சுட்டிக்காட்டக் கிடைத்த கடைசி இடம் அப்படியே வீணாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இந்தச் சட்டம் ஒரு எண்ணாகச் சுருங்கிவிட்டது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17-ஆவது விதியில் ‘அ’ பிரிவு சிறு தண்டனைகளுக்கும் ‘ஆ’ பிரிவு பெரும் தண்டனைகளுக்கும் வழி சொல்கின்றன. பேச்சில் அவை ‘17 ஏ’, ‘17 பி’. “அவருக்குப் பதினேழு பி கொடுத்துட்டாங்க” என்று உணவு இடைவேளையில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் மேலும் விளக்கம் தேவைப்படாது. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காமல் போகலாம். ஓய்வு நாள் நெருங்கியிருந்தால் ஓய்வுகூடத் தடைபடலாம். குற்றச்சாட்டைத் தெரிவிக்கும் ஆணையான 17 பி குறிப்பாணையோடு நான்கு இணைப்புகள் வர வேண்டும்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு அடிப்படையான விவரங்கள், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல். அனுபவமுள்ள சர்வீஸ் வக்கீல் குறிப்பாணை கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் படிப்பதற்கு முன்பு கடைசி இரண்டு இணைப்புகளைப் புரட்டிப் பார்ப்பார். எதை வைத்து நிரூபிக்கப் போகிறார்கள் என்பது தெரிந்தால்தான் எதை மறுக்க வேண்டும் என்பது தெரியும்.

கற்பனையாக ஓர் இளநிலை உதவியாளரை எடுத்துக்கொள்வோம். சென்னையை ஒட்டிய ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருபது ஆண்டு பணி முடித்தவர் அவர். ‘தனியர் கடந்த பல மாதங்களாகப் பணியில் அக்கறையின்றியும், அலுவலக நேரத்தில் இருக்கையில் இல்லாமலும், மேலலுவலரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமலும் இருந்துவந்து, அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-இன் விதி 20(1)-ஐ மீறியுள்ளார்’ என்று அவருக்குக் குறிப்பாணை வருகிறது. ‘தனியர்’ என்பது குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் அலுவலகத் தமிழ். நேற்றுவரை பெயரும் பதவியுமாக இருந்தவர், குறிப்பாணை எழுதப்பட்ட கணத்தில் அந்தச் சொல்லுக்குள் போய்விடுகிறார். அவர் அன்று இரவே உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதுகிறார். இருபது ஆண்டு உழைப்பு, மேலலுவலருக்குத் தன்மீது இருக்கும் காழ்ப்பு, தாயாரின் உடல்நிலை எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவில், ‘ஒருசில நாட்கள் நான் தாமதமாக வந்தது உண்மைதான் என்றாலும்’ என்று ஒரு வரியும் இருக்கிறது. விசாரணை அறிக்கையில் அந்த எட்டுப் பக்கத்திலிருந்து எடுத்தாளப்படப் போவது அந்த ஒரு வரி மட்டுமே: ‘தனியர் தமது விளக்கத்தில் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுள்ளார்.’

எழுத்துத் திறமுள்ள வழக்கறிஞர் அந்த எட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு, அதை இரண்டு பக்கமாக்குவார். அந்த இரண்டு பக்கத்துக்கு ஒரு முழு நாள்கூட ஆகும். ‘பல மாதங்கள்’ என்றால் எந்த மாதங்கள், எந்த நாட்கள் என்று குறிப்பாணையில் சொல்லப்படவில்லை. கீழ்ப்படியாத உத்தரவின் நாளும் எண்ணும் சொல்லப்படவில்லை. எனவே குறிப்பாக மறுத்துப் பதில் சொல்ல முடியாத நிலையில் குற்றச்சாட்டு அமைந்திருக்கிறது என்று முதலில் பதிவு செய்வார். வருகைப் பதிவேடு, வெளியே போய்வருவதைக் குறிக்கும் நடமாட்டப் பதிவேடு, தன்னிடம் வரும் கோப்புகளைக் குறிக்கும் தன்பதிவேடு ஆகியவற்றைப் பார்வையிட அனுமதியும் நகல்களும் கேட்பார். குற்றச்சாட்டுகளை ஒட்டுமொத்தமாகவும் தனித்தனியாகவும் மறுப்பதாக ஒரு வாக்கியம் எழுதுவார். காழ்ப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமென்றால், தேதியும் சம்பவமும் சாட்சியும் உள்ள ஒன்றை மட்டும் சொல்வார். தாயாரின் உடல்நிலைக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. தண்டனையின் அளவு பற்றிப் பேச வேண்டி வந்தால் அப்போது அது வரும். இப்போது எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரக்கம் கோருவதாகவே படிக்கப்படும். “சார், எல்லாத்தையும் எழுதிடுங்க, மனசுல இருக்குறது வெளியில வரட்டும்” என்று கேட்பவரிடம் இதை எடுத்துச் சொல்லி ஒப்ப வைப்பதற்கு எழுத்துத் திறனோடு பொறுமையும் வேண்டும். மனத்தில் இருப்பது வெளியே வர வேண்டும் என்பது நியாயமான ஆசைதான், ஆனால் அதற்கு உரிய இடம் குறிப்பாணைக்கான பதில் இல்லை.

அலுவலகத் தமிழின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைத் தண்டனை ஆணைகளில் பார்க்கலாம். ‘ஓராண்டு ஊதிய உயர்வு திரண்ட பயனின்றி நிறுத்தப்படுகிறது’ என்றால் ஓராண்டு கழித்து ஊதியம் பழைய பாதைக்குத் திரும்பிவிடும். ‘திரண்ட பயனுடன்’ என்றால் அந்த இழப்பு பணிக்காலம் முழுதும் தொடர்ந்து, ஓய்வூதியக் கணக்குவரை போய்ச் சேரும். இரண்டாவது வகையை முறையான விசாரணை இல்லாமல் விதிக்க முடியாது என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விகுதி ஒன்று மாறினால் ஒரு குடும்பத்தின் வருமானம் ஆயுளுக்கும் மாறுகிறது. இதைக் கண்டுபிடிப்பது சட்ட அறிவு மட்டுமன்று, வாசிப்புப் பழக்கமும் சேர்ந்ததுதான்.

இங்கேதான் சென்னைக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. குறிப்பாணை, விளக்கம், சாட்சியம், விசாரணை அறிக்கை, தண்டனை ஆணை எல்லாம் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன. அரசமைப்பின் 348-ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் மொழியோ ஆங்கிலம். இந்தி பேசும் மாநிலங்கள் சிலவற்றில் உயர்நீதிமன்றத்தில் இந்திக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தமிழுக்கு அதே அனுமதி கோரி 2006 டிசம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியும் அது கிடைக்கவில்லை. ஆகவே ஒரே வழக்கை ஒரே வழக்கறிஞர் இரு மொழிகளில் எழுத வேண்டியிருக்கிறது: கீழே தமிழ் விளக்கம், மேலே ஆங்கிலப் பிரமாணப் பத்திரம். இரண்டுக்கும் இடையில் மொழிபெயர்ப்பு. ‘அக்கறையின்மை’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது கவனக்குறைவாகவும் ஆகலாம், வேண்டுமென்றே செய்த அவமதிப்பாகவும் ஆகலாம். தட்டச்சு செய்து கோத்த ஆவணத் தொகுப்பை இங்கே ‘டைப்டு செட்’ என்பார்கள். அதில் சேரும் மொழிபெயர்ப்பை அவசரத்தில் யாரிடமோ கொடுத்துவிடுவது பரவலாக நடக்கிறது; அது மிகத் தவறு என்பது என் உறுதியான கருத்து. தமிழ் ஆவணத்தையே படித்துப் பார்த்துச் சொல்லின் நிறத்தைப் புரிந்துகொள்ளும் நீதிபதி அமரும்வரை, அந்த மொழிபெயர்ப்புதான் ஊழியரின் வாக்குமூலம்.

எழுத்தின் கட்டுப்பாடு அரசுக்கும் உண்டு. ஓர் ஆணை சரியா தவறா என்பதை அந்த ஆணையில் எழுதப்பட்டுள்ள காரணங்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும், பிறகு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் எதிர்வாக்குமூலத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அது தேர்தல் ஆணையம் தொடர்பான வழக்கு. ஆனால் அந்த ஒரு கொள்கை பணியாளர் வழக்குகளில் பயன்பட்டிருக்கும் அளவுக்கு மிகச் சில தீர்ப்புகளே பயன்பட்டிருக்கும். ‘தங்கள் விளக்கம் ஏற்புடையதாக இல்லை’ என்று ஒற்றை வரியில் முடிக்கப்பட்ட ஆணை நீதிமன்றத்தில் விழுவதற்குக் காரணம் அதுதான்.

பணியாளர் வழக்கு ஒருவருடைய ஊதியத்தோடும் பதவியோடும் முடிந்துவிடும் சிறு விவகாரம் என்று சட்ட மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அதற்கு மறுப்பு சென்னைக் கோட்டையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டு மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் பதவிக்கும், பின்னர் தனி அலுவலர் பதவிக்கும் அமர்த்தப்பட்டார். அதை எதிர்த்து அவர் தொடுத்த மனு உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. உள்நோக்கம் இருந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சமத்துவமும் தன்னிச்சையும் ஒன்றோடொன்று பகையானவை, தன்னிச்சையான செயல் எதுவும் சமத்துவ உரிமை தரும் 14-ஆம் பிரிவை மீறியதே என்ற கருத்தை நீதிபதி பி.என். பகவதி அந்த வழக்கில்தான் எழுதினார். இன்று நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் அரசின் முடிவை எதிர்ப்பவர் அந்த வழியாகத்தான் நடக்கிறார். ஓர் இடமாறுதல் வழக்கு, தோற்ற வழக்கு, அரசமைப்புச் சட்டத்தின் போக்கையே திருப்பியிருக்கிறது. உள்நோக்கத்தைக் குற்றஞ்சாட்டும் மனுவை எழுதுகிறவர்களுக்கு அதில் இன்னொரு பாடமும் உண்டு: குற்றச்சாட்டு எவ்வளவு பெரிதோ, அதற்கான விவரம் அவ்வளவு திட்டமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதும் ஊழியர் யார் என்பதைப் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1985 முதல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையில் ஓர் அமர்வு உண்டு. மாநில ஊழியர்களுக்கும் 1988-இல் தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் அமைந்தது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்கள் அத்தனை பேரும் அந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று உயர்நீதிமன்ற அமர்வு கூறியது. டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. அத்தனை ஆயிரம் வழக்குகளைத் தீர்ப்பாயத்தால் தாங்க முடியாது என்றது. அதே தீர்ப்பில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்றும் கூறியது. அந்தப் பகுதியைத் தொழிற்சங்கங்கள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் நடத்தை விதிகளின் 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். வேலைக்குத் திரும்புவதற்காகத் தன் கையாலேயே மன்னிப்பு எழுதிக் கொடுக்க நேர்ந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் எத்தனை ஆண்டு உறுத்தியிருக்கும் என்பதை எந்தத் தீர்ப்பும் பதிவு செய்வதில்லை. மாநிலத் தீர்ப்பாயம் 2006-இல் கலைக்கப்பட்டு, அதன் வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கு வந்தன. அன்று முதல் மாநில அரசு ஊழியரின் வழக்கு, அரசின் செயலை எதிர்த்து நேராக உயர்நீதிமன்றத்தில் தொடுக்கும் ரிட் மனுதான். ஆணையை ரத்து செய்யவும் அதன் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டியதைச் செய்யுமாறு கட்டளையிடவும் ஒருசேரக் கோரும் ‘செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்’ என்ற கூட்டுப் பெயர் இந்த நீதிமன்றத்தின் பணியாளர் வழக்குகளில் அன்றாடம் புழங்குகிறது.

போக்குவரத்துக் கழகத்து ஓட்டுநரும் நடத்துநரும் வேறு வழியில் போவார்கள். பொதுத்துறை நிறுவனத்தின் தொழிலாளிக்கு 311-ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது; அவருக்குத் தொழிலாளர் சட்டமும் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தனி மன்றமும் உண்டு. அங்கே சாட்சி விசாரணை உண்டு, வாதத்துக்கும் இடம் உண்டு. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய ஊர் இது. தொழிலாளர் தரப்பிலேயே நின்று வாழ்நாளைக் கழித்த வழக்கறிஞர்களின் மரபு இங்கே வலுவானது. அந்த மரபில் வளர்ந்து, 2006-இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 2013-இல் ஓய்வு பெற்ற கே. சந்துரு, சட்ட விவகாரங்களைப் பொது வாசகருக்குத் தமிழில் தொடர்ந்து எழுதிவருபவர். நல்ல சர்வீஸ் வக்கீலின் எழுத்து நீதிமன்றத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு.

இத்துறைக்குள் வருகிற இளையவரின் முதல் சில ஆண்டுகள் உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள தம்புச் செட்டித் தெரு, அர்மேனியன் தெரு போன்ற தெருக்களின் மாடியறைகளில் கழியும். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. அதே ஆண்டில், பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு அது 750 ரூபாய். முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வருபவர்களுக்கு இவை சிறிய செய்திகள் அல்ல. அந்த மாடியறையில் அவருக்குத் தரப்படும் முதல் வேலை தேதிப் பட்டியல் தயாரிப்பது. நியமன நாள், தகுதிகாண் பருவம் முடிந்த நாள், பணி வரன்முறை செய்யப்பட்ட நாள், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாள், குறிப்பாணை நாள். இது சலிப்பான வேலையாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் பொறியாளர் பி.வி. மகாதேவன் தொடர்ந்த வழக்கில், 1990-இல் நடந்ததற்கு 2000-இல் கொடுக்கப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையை உச்ச நீதிமன்றம் 2005-இல் ரத்து செய்தது. விளக்கப்படாத பத்தாண்டுத் தாமதம் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த வாதம் ஒரு தேதிப் பட்டியலில் பிறந்திருக்கத்தான் வேண்டும்.

தேதி ஊழியருக்கு எதிராகவும் திரும்பும். மத்தியத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். உயர்நீதிமன்றத்தில் அப்படி எழுதப்பட்ட கால வரம்பு இல்லாவிட்டாலும் தாமதம் மன்னிக்கப்படுவது அரிது. பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு கோரிக்கை மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்குமாறு ஓர் உத்தரவு வாங்கி, பரிசீலித்து நிராகரித்ததைப் புதிய வழக்காக ஆக்கிவிட முடியாது என்று 2008-இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. எட்டு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ மனுவைப் பரிசீலித்து ஆணையிடுமாறு கூறி முடித்துவைக்கப்படும் வழக்குகள் இன்றும் நிறைய வருகின்றன. அத்தகைய உத்தரவின் பயன் முழுவதும், பரிசீலிக்கப்படப் போகும் மனு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. எந்த அரசாணை, அதன் எந்தப் பத்தி, தனக்கு அது எப்படிப் பொருந்துகிறது, தன்னைப் போன்ற வேறு யாருக்கு அது கொடுக்கப்பட்டிருக்கிறது என்பவை அதில் இருந்தால், நிராகரிக்கும் அலுவலரும் அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். ‘பணிந்து வேண்டுகிறேன்’ என்பதை மட்டும் எழுதினால் ஒற்றை வரியில் பதில் வந்துவிடும்.

அரசுத் தரப்பில் வேலை செய்பவருக்கும் இதே திறன்தான் வேண்டும். வழக்கு வந்ததும் சம்பந்தப்பட்ட அலுவலகம் மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் குறிப்பு எழுதி அனுப்பும். அந்தக் குறிப்புகளை வைத்து அரசு வழக்கறிஞர் எதிர்வாக்குமூலம் தயாரிப்பார். குறிப்பு எழுதிய உதவியாளர் கோப்பை முழுக்கப் படிக்காமல் ‘மறுக்கப்படுகிறது’ என்று பத்திக்குப் பத்தி நிரப்பியிருந்தால், அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தாக்கல் செய்யலாம், அல்லது கோப்பை வரவழைத்துப் படித்து, ஊழியர் சொல்வது சரியென்றால் துறைக்கே அதை எழுதிச் சொல்லலாம். இரண்டாவதைச் செய்யும் அரசு வழக்கறிஞர் வழக்கு மன்றத்தில் பெயர் வாங்குவதில்லை. ஆனால் ‘இந்த ஆணையைத் திரும்பப் பெறுவதே உசிதம்’ என்ற அவருடைய கருத்துரை, ஒரு ஊழியருக்கு ஐந்தாறு ஆண்டு காத்திருப்பை மிச்சப்படுத்துகிறது. இது வெளியே தெரியாத எழுத்து. நான் மிகவும் மதிக்கும் எழுத்தும் இதுவே.

வழக்கு ஊழியருக்குச் சாதகமாக முடிந்த பின்பும் எழுத வேண்டியது ஒன்று மிச்சமிருக்கும். தீர்ப்பு தானாக நடைமுறைக்கு வராது. அதன் சான்றிட்ட நகலை இணைத்து, ‘பொருள்’, ‘பார்வை’ என்று முறையாகத் தலைப்பிட்டு, எந்த நாளிலிருந்து பணி தொடர்ச்சி, எந்த மாதங்களுக்கு நிலுவை ஊதியம், பணிப்பதிவேட்டில் எந்தப் பதிவு நீக்கப்பட வேண்டும், எத்தனை வாரத்துக்குள் என்று நீதிமன்றம் சொன்னதை வரிசையாக எடுத்துச் சொல்லி, குறிப்பாணை கொடுத்த அதே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். நீதிமன்ற அவமதிப்பு மனு தேவைப்பட்டால் அதற்கு அடிப்படையாக நிற்கப்போவதும் இந்தக் கடிதமே. அது தமிழில் எழுதப்படும். ஊழியரின் கையொப்பத்தோடு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் போகும்.